ஆளுக்கொரு பொழுது

அன்புள்ள வாசகிக்கு,

"மூன்று பேரும் என் கூடவேதான் இருக்கிறார்கள், ஆனால் ஒருத்தரோடும் நான் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போக எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ராமமூர்த்தி நகரில் வீடு, பெல்லந்தூரில் ஆபீஸ், 13 வயதில் மகள், 9 வயதில் மகன், 4 வயதில் கடைக்குட்டி, ஓசூரில் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் கணவர், கூடவே இருக்கும் மாமியார். பெங்களூரில் இதே போன்ற தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அதனால்தான் பதிலை உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன்.

"மூன்று பேருக்கும் நேரத்தை எப்படிச் சமமாகப் பங்கிடுவது?" என்பது உங்கள் கேள்வி. சமமாகப் பங்கிட வேண்டாம் என்பதே என் பதில். எண்ணிப் பரிமாற நேரம் ஒன்றும் தோசை இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் பெயரில் ஒரு பொழுது இருக்கட்டும். அது சின்னதாக இருந்தாலும் போதும். ஆனால் அதை உங்கள் தூக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். வேலை இடத்திலிருந்தும், வீட்டில் உள்ள மற்றப் பெரியவர்களிடமிருந்தும் கேட்டு வாங்குங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன், எப்படி என்பதைத்தான் இனி விரித்து எழுதுகிறேன்.

முதலில், 300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்றொரு சிற்றூர். அங்கே பாதிரியாராக இருந்த சாமுவேல் வெஸ்லியின் மனைவி சுசன்னா. 19 பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களில் 10 பேர்தான் பிழைத்து வளர்ந்தார்கள். கடன் தீராத வீடு. 1709இல் அந்த வீடும் தீயில் எரிந்துபோனது. புது வீடு எழும்பும் வரை பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டில் தங்க நேர்ந்தது. எல்லோரும் திரும்ப ஒன்றுசேர்ந்த பிறகு சுசன்னா ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். திங்கள் மேரிக்கு, செவ்வாய் மெஹெட்டபெலுக்கு, புதன் ஆனுக்கு, வியாழன் ஜானுக்கு, வெள்ளி மார்த்தாவுக்கு, சனி சார்லஸுக்கு, ஞாயிறு பெரிய பெண்கள் இருவருக்கும். அந்தந்த இரவில் அந்தப் பிள்ளையைத் தனியே உட்காரவைத்துப் பேசுவார். 1712இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இந்த ஏற்பாட்டை அவரே விவரித்திருக்கிறார்.

சுசன்னா தன் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பள்ளி நடத்தியவர். காலையிலும் பிற்பகலிலும் பிள்ளைகள் அவர் கண்ணெதிரில்தான் இருந்தார்கள். அப்படியிருந்தும், தனித்தனியாகப் பேச வேறு நேரம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. "வேலையை விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?" என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? நாள் முழுக்க வீட்டில் இருப்பதாலேயே ஒவ்வொரு பிள்ளையோடும் இருந்துவிட முடியாது. வேலைக்குப் போவதாலேயே அது கெட்டுவிடுவதும் இல்லை. வேலையை விடுவதும் விடாததும் உங்கள் விருப்பம். ஆனால் இந்தக் காரணத்துக்காக விட வேண்டாம்.

அந்த வியாழக்கிழமை ஜான்தான் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. 1732இல் அவர் ஆக்ஸ்போர்டில் ஆசிரியர். முப்பதை நெருங்கும் வயது. தாய்க்கு எழுதிய கடிதம் ஒன்றில், முன்பு வியாழன் மாலைகளில் தனக்குக் கொடுத்த நேரத்தில் சிறிதளவைத் திரும்பக் கொடுக்கும்படி கேட்கிறார். வாரத்தில் ஒரு மாலை, அதிலும் சிறிது நேரம். ஒரு மனிதன் இருபது ஆண்டு கழித்துத் திரும்பக் கேட்கும் அளவுக்கு அது அவனுக்குள் தங்கியிருக்கிறது.

இது எங்கோ இங்கிலாந்தில் நடந்தது என்று ஒதுக்க வேண்டாம். நம் வீடுகளிலும் இந்தத் தனிப்பொழுது இருந்தது. பையன்களுக்குச் சனிக்கிழமையும் பெண்களுக்கு வெள்ளிக்கிழமையும் எண்ணெய்க் குளியல். தலையில் எண்ணெய் வைத்துச் சூடு பறக்கத் தேய்க்கும் கைகளுக்கு முன்னால் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் உட்கார முடியும். சிக்கெடுத்துப் பின்னல் போடுவதும் அப்படி, பேன் பார்ப்பதும் அப்படி. அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளை, முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசும் விஷயங்களையெல்லாம் சொல்லும். பள்ளியில் யார் கிண்டல் செய்தார்கள், எந்த ஆசிரியரைக் கண்டால் பயம், எந்தச் சிநேகிதி இப்போது பேசுவதில்லை, எல்லாம் வரும். பள்ளி வேன் ஏழு மணிக்கே வாசலில் வந்து நிற்க ஆரம்பித்த பிறகு அந்த நேரங்கள் நம் வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அவற்றின் இடத்தில் வேறொன்றை நாம்தான் திட்டமிட்டு வைக்க வேண்டியிருக்கிறது.

எங்கிருந்து எடுப்பது என்ற கணக்குக்கு வருவோம். வாரத்துக்கு 168 மணி நேரம். இரவுக்கு ஏழு மணி நேரம் தூங்கினால் 49 போகும். 1961ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்று வரம்பு வைத்திருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம். அடுத்தது பயணம். டாம்டாம் நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட போக்குவரத்துப் பட்டியலில், பெங்களூர் நகர மையத்தில் 10 கிலோமீட்டர் போகச் சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆனது. அந்த ஆண்டு லண்டனுக்கு அடுத்தபடியாக உலகிலேயே அதுதான் மெதுவான நகரம். மாலை ஏழு மணிக்கு மாரத்தஹள்ளியைத் தாண்டும் உங்களுக்கு இதற்கு ஆதாரம் தேவையில்லை. வாரத்துக்கு 12 மணி நேரம் சாலைக்கு என்று வைப்போம். மிச்சம் 59.

இனி வீட்டு வேலை. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். வாரத்துக்கு 35 மணி நேரம். மாமியார் கை கொடுப்பதால் உங்களுக்கு இது சற்றுக் குறையலாம். குறையாது என்றே வைத்தால் கையில் நிற்பது 24 மணி நேரம். குளிப்பதும் சாப்பிடுவதும், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் ஓடுவதும், சொந்தக்காரர் வீட்டு விசேஷமும், இரவு ஒன்பது மணிக்கு வரும் அமெரிக்கா காலும் இதற்குள்தான் அடங்க வேண்டும். பெரும்பாலான அம்மாக்கள் பிள்ளைக்கான நேரத்தை எங்கே கண்டுபிடிக்கிறார்கள் என்று இப்போது புரியும். தூக்கத்துக்கான அந்த 49இலிருந்து எடுக்கிறார்கள். நீங்களும் காலை நாலரைக்கு எழுந்து பார்த்ததாக எழுதியிருந்தீர்கள்.

2023 அக்டோபரில், நாட்டின் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி பேசினார். இளைஞர் என்று நாம் சொல்லும் வயதில்தான் பெரும்பாலோர் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். அந்த 70ஐ உங்கள் வீட்டுக் கணக்கில் வையுங்கள். 24இல் 22 போய்விடும். மூன்று பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் சேர்த்து வாரத்துக்கு இரண்டு மணி நேரம். 2024 ஜூலையில், ஐ.டி. துறையில் ஒரு நாள் வேலையை 14 மணி நேரம் வரை நீட்டிக்க வழிசெய்யும் யோசனை கர்நாடக அரசின் முன் வந்தது. மாநில ஐ.டி. ஊழியர் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. அந்த எதிர்ப்பை வெறும் ஊழியர் விவகாரமாக நான் பார்க்கவில்லை. இந்த ஊரில் வளரும் பிள்ளைகளின் மாலைப்பொழுதுகளுக்காகவும் யாரோ நின்று பேசினார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

தூக்கத்திலிருந்து எடுக்க வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் எலன் கலின்ஸ்கி, பெற்றோர் வேலைக்குப் போவதைப் பற்றிப் பிள்ளைகளிடமே கேட்டு 1999இல் ஒரு நூல் வெளியிட்டார். பெற்றோரின் வேலை உங்கள் வாழ்க்கையைப் பாதிக்கும் விதத்தில் ஒன்றே ஒன்றை மாற்ற முடியுமென்றால் எதை மாற்றுவீர்கள் என்பது கேள்வி. பிள்ளைகள் இன்னும் கூடுதல் நேரம் கேட்பார்கள் என்று பெற்றோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நினைத்தார்கள். அம்மாவோடு கூடுதல் நேரம் வேண்டும் என்று சொன்ன பிள்ளைகள் பத்தில் ஒருவர்தான். அம்மா இவ்வளவு களைத்துப்போய், இவ்வளவு பதற்றத்தோடு வீட்டுக்கு வராமல் இருந்தால் போதும் என்று சொன்னவர்கள் மூன்றில் ஒருவர். பிள்ளைக்கு நேரம் கொடுப்பதற்காகத் தூக்கத்தை விற்கும் அம்மா, பிள்ளை எதை வேண்டாமென்கிறதோ அதையே மேலும் கொண்டுவந்து கொடுக்கிறாள். அரைத் தூக்கத்தில் கழியும் இரண்டு மணி நேரத்தைவிட, தெளிந்த மனதோடு இருக்கும் இருபது நிமிடம் மேல்.

இனி யாருக்கு எவ்வளவு என்பது. கடைக்குட்டிக்குத்தான் அதிகம் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். சமூகவியலாளர் மெலிசா மில்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2015இல் அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 3 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளின் நடத்தைக்கோ படிப்புக்கோ, தாய் செலவிடும் மணிகளின் எண்ணிக்கையோடு குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. பதின்பருவத்தில் கதை மாறுகிறது. தாயோடு சேர்ந்து ஈடுபடும் நேரம் கூடும்போது அந்த வயதுப் பிள்ளைகள் தவறான வழிக்குப் போவது குறைகிறது. அப்பாவும் அம்மாவும் சேர்ந்திருக்கும் நேரத்துக்கும் நல்ல பலன் தெரிகிறது. அது வேறு நாட்டு ஆய்வுதான். ஆனால் உங்கள் வீட்டில் யாரை முதலில் கவனிக்க வேண்டும் என்று அது சரியாகக் காட்டுகிறது.

உங்கள் மூத்த மகளைப் பற்றி நீங்கள் எழுதியதை இன்னொரு முறை நீங்களே படித்துப் பாருங்கள். தம்பியை வேனில் ஏற்றிவிடுகிறாள், தங்கைக்குச் சோறு ஊட்டுகிறாள், பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். இரண்டு பத்தி முழுக்க அவள் செய்யும் வேலைகள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் குடும்பங்களில் மூத்த பெண்ணுக்கு நேர்வது இதுதான். அம்மாவுக்கும் அவளுக்கும் நடக்கும் பேச்சு முழுவதும் சின்னவர்களைப் பற்றியே இருக்கும். அவள் பொழுதில் தம்பி, தங்கை பேச்சையே எடுக்காதீர்கள். மார்க் பேச்சும் வேண்டாம். முதல் சில வாரம் அவள் ஒன்றும் பேசாமல் இருக்கலாம். பக்கத்தில் இருங்கள். தலை பின்னிவிடக் கேட்டால் பின்னிவிடுங்கள்.

நாலு வயதுக்காரிக்குத் தரையில் உட்கார்ந்து விளையாடும் பதினைந்து நிமிடம் போதும். என்ன விளையாட்டு என்பதை அவள் முடிவுசெய்யட்டும். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பையன்கள் உட்காரவைத்தால் பேச மாட்டார்கள். நடக்கவைத்தால் பேசுவார்கள். அவனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு நடந்து போங்கள், பையை அவனிடம் கொடுங்கள். அண்ணன், அக்கா, தம்பி என்று சேர்ந்திருக்கும்போது நம் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். தெருவிலும் பள்ளியிலும் கன்னடமும் இந்தியும் கலக்கின்றன. அம்மாவோடு தனியே நடக்கும்போதுதான் பேச்சு தமிழுக்குத் திரும்புகிறது. வீட்டுத் தமிழ் ஆழப்படுவதும் அந்த நடையில்தான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு பிள்ளையோடு மட்டும் வெளியே போங்கள்; மூன்று மாதத்தில் மூன்று பேருக்கும் முறை வந்துவிடும். 2023 அக்டோபரில் பையப்பனஹள்ளிக்கும் கே.ஆர்.புரத்துக்கும் நடுவே விட்டுப்போயிருந்த மெட்ரோ பாதையும் திறந்த பிறகு, உங்கள் பக்கத்திலிருந்து ஊதா லைனில் ஏறினால் நேராகக் கப்பன் பார்க்கில் இறங்கலாம். பையனுக்கு அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது. இயந்திரங்களை அவனே இயக்கிப் பார்க்கலாம். கடைக்குட்டிக்குப் பூங்காவின் பால பவன் இருக்கிறது. மூத்தவளை லால்பாக் பாறைக்குக் கூட்டிப்போங்கள். ஏறக்குறைய 300 கோடி ஆண்டு பழைய பாறை, உச்சியில் கெம்பே கவுடா கோபுரம். ஏறி உட்கார்ந்தால் ஊர் சுற்றிலும் தெரியும், அவசரமில்லாமல் பேசலாம். அல்சூர் ஏரிக்கரையும் நல்ல இடம். 2009இல் திறந்த திருவள்ளுவர் சிலையை அவளுக்குக் காட்டி, அது ஏன் 18 ஆண்டு திறக்கப்படாமல் மூடிக்கிடந்தது என்ற கதையையும் சொல்லலாம். பதின்மூன்று வயதுக்கு அது நன்றாகப் புரியும்.

சில விஷயங்களில் மட்டும் உறுதியாக இருங்கள். அந்த நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். பிள்ளை ஏதோ தப்பு செய்துவிட்டான் என்பதற்காக அவன் பொழுதைப் பறிக்காதீர்கள்; அது பரிசுமில்லை, தண்டனையுமில்லை, அவனுக்கு உரியது. ஆபீஸில் அவசரம் வந்து தவறிப்போனால், அவன் கேட்கும் வரை காத்திருக்காமல் மாற்று நாளை நீங்களே அன்றே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கணவரைப் பற்றி. முதல் ஷிஃப்ட் வாரத்தில் மாலை நாலரைக்கெல்லாம் வீட்டில் இருக்கிறார் என்கிறீர்கள். அந்த வாரங்களில் இரண்டு பிள்ளைகளை அவர் வைத்துக்கொண்டால்தான் மூன்றாவது பிள்ளைக்கு நீங்கள் முழுதாகக் கிடைப்பீர்கள். அதோடு முடியவில்லை. அவருக்கும் ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு பொழுது வேண்டும். மேலே சொன்ன 2019 ஆய்வில், வீட்டு வேலையில் பங்கெடுக்கும் ஆண்கள் அதற்குக் கொடுத்தது நாளொன்றுக்கு 97 நிமிடம். வீட்டாரைப் பேணுவதற்குப் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். அப்பா இல்லாத நேரக் கணக்கு அம்மாவின் தூக்கத்தில்தான் போய் முடியும். உங்களுக்கு உதவி செய்வதாக நினைத்து அவர் இதைச் செய்ய வேண்டாம். தன் பிள்ளையைத் தான் அறிந்துகொள்ளச் செய்யட்டும். மாமியாரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். "இந்த அரை மணி நேரம் பெரியவளுக்கு, அத்தை" என்று சொன்னால் கதவைத் தட்டுபவர்களை அவரே நிறுத்திவிடுவார்.

ஆபீஸிலும் கேட்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் ஐந்து மணிக்குக் கிளம்புவதை மேனேஜரிடம் சொல்லிவிட்டு, காலண்டரில் அந்த நேரத்தை அடைத்துவையுங்கள். காரணம் கேட்டால் "என் பிள்ளைகளுக்கான நேரம்" என்றே சொல்லுங்கள். பொய்க் காரணம் வேண்டாம். நீங்கள் உண்மையைச் சொன்னால் உங்கள் டீமில் அடுத்துக் கேட்கப்போகும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வழி கொஞ்சம் லேசாகும்.

இப்படிக் கேட்கக்கூட இடமில்லாத பெண்கள் இதே ஊரில் இருக்கிறார்கள். பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் மைசூர் ரோட்டிலும் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்களுக்கு, மணிக்கு இத்தனை உருப்படி என்று டார்கெட். அவர்களுக்குக் காலண்டர் இல்லை, ஐந்து மணிக்கு எழுந்து போக வழியில்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்ற விதி 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கும் 2017இன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கும் உரிமையையும் தந்தது. காகிதத்தில் உள்ள இந்த உரிமை கைக்கு வருவது கேட்பவர்களைப் பொறுத்தது. 2016 ஏப்ரலில் பி.எஃப். பணத்தை எடுக்க விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து இந்தக் கார்மென்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் இறங்கினார்கள். மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. அவர்களைவிட வசதியான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாம் வாரத்துக்கு இரண்டு மாலை கேட்கத் தயங்க வேண்டியதில்லை. உங்கள் நிறுவனத்தில் காப்பகம் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் ஆபீஸைக் கூட்டித் துடைக்கும் பெண்களின் குழந்தைகளுக்கும் அதில் இடம் உண்டா என்று சேர்த்துக் கேளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மேனேஜரிடம் பேசுங்கள். கணவரோடு உட்கார்ந்து அவர் ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்து நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று பிள்ளைகளையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, எந்த நாள் வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். மூத்தவளிடம் முதலில் கேளுங்கள். இரவு ஏழு மணி நேரம் தூங்குங்கள்.

ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் உங்கள் பெரிய மகளுக்கு என்ன பிடிக்கும் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கும் சகோதரி